சொல்லிக்கொள்ளாமல் வந்த இரண்டு செத்தவீடுகள்

1

எங்கள் வேலைத்தலத்தில் யாராவது ஓய்வு பெற்றுப் போனால், பெரிய வாழ்த்து அட்டை ஒன்று வாங்கி எல்லோரிடமும் கையெழுத்துக்குச் சுற்ற விடுவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது என் கைக்கு வந்தது. திறந்து பார்த்த பிறகுதான், வருகிற வெள்ளியோடு ரூத் போகிறா என்று எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனுசி வேலையை விடுகிறா, அந்தச் செய்தி ஓர் அட்டை மூலமாக எனக்கு வருகிறது என்றால், எங்கள் நிலைமை என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில், மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைக்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. அரைக்கிற மெஷின் என் பொறுப்பு. அரைத்த வில்லைக்குப் பூச்சுப் போடுகிறவர் நபீல், காசாவில் பிறந்து இளம் வயதில் இங்கே வந்தவர். கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கிறவர் ரூத். இங்கேயே பிறந்த யூதப் பெண், என்னைவிட ஆறு வயது மூப்பு. அவருடைய ஒரே தங்கை இஸ்ரேலில் கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறார். எந்த வில்லையும் எங்கள் மூன்று பேருடைய கையையும் தாண்டித்தான் வெளியே போகும்.

நான் கையெழுத்தைப் போட்டு அட்டையை நபீலிடம் கொண்டுபோனேன். அவர் பேசுவது பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த மொன்றியல் பேச்சு, ரூத்தும் அப்படித்தான். எனக்கு அது காதுக்குள் போய் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"நீர் போட்டிட்டீர்தானே. காணும்," என்றார் நபீல், தலையை நிமிர்த்தாமல்.

"பதினெட்டு வருசம் நபீல். பேரை மட்டும் போடும்."

அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். "அவவின்ரை துக்கத்துக்கு வீட்டை போய் ஒரு மணித்தியாலம் இருந்தனீர். சொல்ல ஆக்கள் இருக்கினம். என்ரை தம்பியின்ரை குடும்பம் செத்ததுக்கு வந்து இருபது நிமிசம் இருந்தீர். நாங்கள் வாசலிலை வரிசையாய் நிக்க, நீர் குசினிக் கதவாலை போனனீர். பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஒரு கை குடுக்கேல்லை, ஒரு சொல் சொல்லேல்லை. இப்ப இந்த அட்டையை என்னட்டை ஏன் கொண்டு வாறீர்?"

ஒன்றரை வருடமாக இந்த மனுசன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காததற்கு காசாவில் நடக்கிற யுத்தம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். காரணம் நானாகவும் இருக்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

2

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சாப்பாட்டு அறையின் ஜன்னலோரத்தில் நாலு பேர் இருக்கிற மேசை. எனக்கும் நபீலுக்கும் பிரெஞ்சு ஓடாத காலத்தில் மூன்று பேரும் சேர்ந்தோம். ரூத்துக்கு ஓடும், ஆனால் எங்களுக்காக ஓடாத மாதிரி இருப்பா. வேலைத்தலத்தில் பிரெஞ்சு வகுப்புக் கட்டாயம் என்று வந்தபோது, நானும் நபீலும் ஒன்றாகப் போய் ஒன்றாகப் பெயிலானோம். எனது புட்டையும் கத்தரிக்காய்ப் பிரட்டலையும் நபீல் தன் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார். ரூத் தான் கொண்டுவருகிறதைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டா. ஆனால் மூடியைத் திறந்து மணந்து பார்க்காமல் விடவும் மாட்டா.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு என் அக்காவும் அத்தானும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசிக்குப் பிறகு தொலைபேசி இல்லை. நாங்கள் இங்கே ரோட்டில் நின்றோம், ஒட்டாவாவுக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் படுத்தோம். நான் போன நாட்களில் என் மெஷினையும் சேர்த்துப் பார்த்தவர் நபீல். ரூத் ஒவ்வொரு மதிய இடைவேளையிலும் நல்ல ஆங்கிலத்தில் எம்.பி.மாருக்குக் கடிதம் எழுதித் தந்தா. அக்காவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு கடிதத்திலும் பிழையில்லாமல் எழுதினா. பதில்கள் வந்தன. கவலையடைகிறோம், கவனித்து வருகிறோம் என்று அச்சடித்த பதில்கள்.

அக்காவும் அத்தானும் திரும்பி வரவில்லை. சடலமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அம்மா கடைசிவரை, அவள் எங்கேயோ இருக்கிறாள் என்றே சொன்னா. அதனால் எங்கள் வீட்டில் செத்தவீடு என்று ஒன்று நடக்கவில்லை. யாரும் வரவுமில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் அந்த மேசையில் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர்தான் எனக்குத் துக்கத்துக்கு வந்த ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சொல்வது, இந்த இரண்டு பேரையும் இழப்பது எனக்குச் சின்ன விசயம் இல்லை என்று உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக.

3

இப்போதைய யுத்தம் தொடங்கிய இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஒக்டோபரில் ரூத்தின் தங்கை மகன் இஸ்ரேலில் கொல்லப்பட்டான். இருபத்திரண்டு வயது. நான் அவனைப் பார்த்திருக்கிறேன், ஒரு கோடையில் பெரியம்மாவைப் பார்க்க வந்தபோது தொழிற்சாலை வாசலில் நின்று கை காட்டினான். ரூத்துக்குப் போக விமானம் கிடைக்கவில்லை. அவர்களுடைய முறைப்படி பெரியம்மா துக்கம் காக்கத் தேவையில்லையாம். என்றாலும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் மூடி, உயரமில்லாத பதிவான கதிரையில் இருந்தா. நான் போனேன். செத்தவீட்டுக்கு அழைப்பு வேண்டுமா என்ன? கையைப் பிடித்தேன், பக்கத்தில் இருந்தேன், எழும்பி வந்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று யார் சொல்வார்? திரும்பி வருகிறேன் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும். சத்தமில்லாமல் எழும்பி நடப்பதுதான் மரியாதை. வீட்டுக்கு வந்தால் முழுகாமல் உள்ளே வரக்கூடாது. என் மனைவி வதனி இந்த விசயத்தில் கனடாக் குளிருக்கும் இரங்கமாட்டா. அகுன்ட்சிக்கில் எங்கள் வீட்டுப் பின்கதவால் நிலவறைக்குள் இறக்கி, நேரே குளியலறைக்குள் விட்டுவிடுவா.

இரண்டு மாதத்தில் நபீலின் தம்பி, மனைவி, பிள்ளைகள், மாமியார் என்று ஒன்பது பேர் காசாவில் குண்டு விழுந்த ஒரே கட்டடத்துக்குள் செத்துப்போனார்கள். துக்க விடுமுறைக்கு நபீல் படிவம் நிரப்பினார். மரணச் சான்றிதழ் இணைக்கவும் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அலுவலகப் பெண் கெட்டவள் இல்லை, கண் கலங்கித்தான் கேட்டாள். "ஆர் தாறது?" என்று நபீல் கேட்க, அதற்கு அவளிடம் கட்டம் இல்லை. கடைசியில் தன்னுடைய வருடாந்த லீவை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கட்டம் எனக்குப் புதிதில்லை. மரணச் சான்றிதழ் இல்லாமல் அக்காவின் பெயரை ஒரு கோப்பிலிருந்து நீக்க நான் நாலு வருடம் அலைந்தவன்.

நபீலின் குடும்பத்தார் மூன்று நாள் ஒரு மண்டபத்தில் துக்கம் கேட்க வந்த ஆட்களைச் சந்தித்தார்கள். சீனியில்லாத கசப்புக் கோப்பி தந்தார்கள். குடித்தேன், இருந்தேன். வாசலில் குடும்பத்து ஆண்கள் வரிசையில் நிற்க, போகிறவர்கள் ஒவ்வொருவரும் கை கொடுத்து ஏதோ சொல்லிப் போனார்கள். எனக்குத் தயக்கமாக இருந்தது. விடைபெற வேண்டாம் என்று, சமையலறைப் பக்கத்துக் கதவால் வந்துவிட்டேன்.

அதன் பிறகு ரூத் தன் காருக்குள் இருந்து சாப்பிடத் தொடங்கினா. நபீல் மற்ற மூலைக்குப் போய்விட்டார். சாப்பாட்டு அறையில் அரசியல் பேசக்கூடாது என்று நிர்வாகம் இரண்டு மொழியில் அறிவித்தல் ஒட்டியது. பிரெஞ்சு பெரிய எழுத்தில், ஆங்கிலம் சிறிய எழுத்தில். நான் ஜன்னல் மேசையில் தனியாக இருந்து, யாருக்கும் ஒரு பக்கமும் சாயாத நல்ல மனுசன் நான் என்று நினைத்துக்கொண்டு புட்டைத் தின்றேன்.

4

நபீல் சொன்னதை அன்றைக்கு வீட்டில் சொன்னேன். வதனி அகப்பையோடு திரும்பினா.

"பின்னை என்ன, செத்தவீட்டிலை சொல்லிக்கொண்டோ வாறது? உந்த மனுசனுக்கு இது தெரியாதே?"

"அவருக்கு எப்பிடியம்மா தெரியும்?" என்றாள் மகள் ஆரணி. இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "எனக்கே தெரியாது. நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

உண்மைதான். பிள்ளைகளை நாங்கள் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. பள்ளிக்கூடம், நீச்சல், வயலின் என்று ஏதாவது இருக்கும். கலியாண வீட்டுக்குச் சேலை கட்டிவிட்டுக் கூட்டிப்போனோம். துக்கத்தை எங்களுடனேயே வைத்துக்கொண்டோம்.

"ரூத் அன்ரியின்ரை வீட்டிலையும் இப்பிடித்தான் எழும்பி வந்தனீங்களோ?"

"ஓம்."

ஆரணி தலையில் கை வைத்தாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. "அப்பா, எல்லாரும் எல்லாத்தையும் ஒரு பக்கமாப் பாக்கிற நேரம். நீங்கள் ஒண்டும் கதைக்காமல் எழும்பிப் போனால் அவை என்ன நினைப்பினம்?"

இவளும் நானும் போன வசந்தத்திலிருந்து அவ்வளவு சரியில்லை. காசாவுக்காகப் பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் கூடாரம் அடித்தபோது இவளும் போயிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். வேலை கிடைக்காது, படம் எடுப்பார்கள் என்றேன். அப்போது ஒரு கேள்வி கேட்டாள், இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. "ரெண்டாயிரத்து ஒன்பதிலை என்னைத் தோளிலை வைச்சுக்கொண்டு ரோட்டை மறிச்சனீங்கள். உலகம் ஏன் பேசேல்லை எண்டு கத்தினீங்கள். இப்ப நீங்களே அந்த உலகம், பேசாமல் இருக்கிறீங்கள்." எனக்கு ரூத்தின் மூடிய கண்ணாடி நினைவுக்கு வந்தது. அவளுக்கு அதைச் சொன்னேன். அவள், அந்தப் பெடியனுக்காகவும் தான் அழுததாகவும் அதற்கும் கூடாரத்துக்கும் சண்டை இல்லை என்றும் சொன்னாள். அவளுக்குச் சண்டை இல்லாமல் இருக்கலாம். அந்தக் கூடாரங்களைத் தாண்டிப் போகவே பயந்த யூதப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யாருடைய பயம் யாருடைய சாவை விடப் பெரியது என்று அளக்கிற வேலை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஆரணி அதை எல்லாம் கிளறவில்லை. வேறொன்றைக் கேட்டாள். "கர்க்லாண்ட் பெரியப்பாவோடை நீங்கள் ஏன் கதைக்கிறேல்லை?"

"அவர் ஒருநாள்கூட ஊர்வலத்துக்கு வரேல்லை."

"ஏன் வரேல்லை எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. பதினாறு வருடமாகக் கேட்கவில்லை. என் சித்தப்பாவின் மகன் அவர், என் வேலைத்தலத்துக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறார். நபீல் என்னைப் பற்றி நினைத்ததைத்தான் நான் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். வதனி அடுப்பை நிறுத்திவிட்டு, சாப்பிட வரச் சொன்னா.

5

அடுத்த நாள் இடைவேளையில் நபீலைத் தொழிற்சாலைப் பின்பக்கம், பனிக்குவியல் கறுத்துக் கரைந்துகொண்டிருந்த இடத்தில் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், பெயிலான பிரெஞ்சு, கை எல்லாவற்றையும் போட்டு விளக்கினேன். எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் விடைபெறுவதில்லை, விடைபெறுவது அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி, உமக்கு இனிமேல் ஒரு சாவும் வரக்கூடாது என்றுதான் நான் அப்படி வந்தனான் என்றேன்.

நபீல் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் இளகியது. "ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"அண்டைக்குச் சொல்லக்கூடாது எண்டதுதானே விசயம்."

அவர் மூக்கால் சிரித்தார். பிறகு, "அப்ப உங்கடை ஆக்கள் பேந்து எப்ப வருவினம்? அப்பிடியே விட்டிடுவினமோ?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னேன். "எட்டாம் நாள் வருவம். பேந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவம்."

"நீர் வரேல்லை," என்றார் நபீல்.

இப்படி ஒரு இடத்தில் போய் மாட்டுவேன் என்று நினைக்கவில்லை. நான் போகவில்லைதான். எட்டாம் நாளும் போகவில்லை, முப்பத்தோராம் நாளும் போகவில்லை. ரூத்திடமும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லாமல் எழும்பி வருகிற எங்கள் வழக்கம் எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது. அந்த வரிசையில் நின்று நபீலின் கண்ணைப் பார்த்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவரிடம் ஒன்றைச் சொன்னால் மற்றவர் காதுக்குப் போகும் என்று பயம். வழக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"பயந்திட்டன், நபீல்," என்றேன்.

"தெரியும்," என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். அட்டையைக் கொடுத்தார்கள். ரூத் நன்றி சொல்லிவிட்டு வழக்கம்போல் காருக்குப் போனா. நான் பின்னால் போய்க் கண்ணாடியில் தட்டினேன். பக்கத்து ஆசனத்தில் கிடந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டு இடம் தந்தா.

நபீலுக்குச் சொன்னதை இவருக்கும் சொன்னேன். இந்த முறை, பயந்ததையும் சேர்த்தே சொன்னேன்.

ரூத் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னா. "எங்கடை ஆக்களின்ரை செத்தவீட்டாலை போகேக்கை ஆறுதலாய் ஒரு வசனம் சொல்லுவினம். நீர் அதைச் சொல்லுவீர் எண்டு நான் எதிர்பாக்கேல்லை. ஆனால் ஒரு சொல்லும் சொல்லாமல், கையை விட்டிட்டு எழும்பிப் போனீர். பேந்து உம்மடை மகள் அந்தக் கூடாரத்திலை நிண்ட படத்தை, கழுத்திலை கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வையோடை, ஆரோ எனக்குக் காட்டிச்சினம். அப்ப எனக்கு விளங்கினது, நீர் கடமைக்கு வந்தனீர் எண்டு. இவனும் எங்களை வெறுக்கிறான் எண்டு ஒரு வருசமாய் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"நான் உங்களை வெறுக்கேல்லை, ரூத். என்ரை அக்காவின்ரை பேரை உங்களைப் போலப் பிழையில்லாமல் எழுதின ஆக்கள் இந்த நாட்டிலை ஒருத்தரும் இல்லை."

அவ அழுதா. நானும் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. கார்க் கண்ணாடியில் எங்கள் மூச்சால் புகார் படிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அட்டையை எடுத்து, ஒவ்வொரு கையெழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தா.

"நபீல் போடேல்லை."

"இல்லை."

"அவருக்கு ஆரோ செத்ததெண்டு கேள்விப்பட்டன். எத்தினை பேர்?"

"ஒன்பது பேர்."

ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தா. அவர்கள் இருவருடைய வேலை மேசைக்கும் இடையில் பத்து அடி தூரம்கூட இருக்காது. நபீல் பூச்சுப் போட்ட வில்லை ஒவ்வொன்றும் இந்த ஒன்றரை வருடமும் இவருடைய கையில்தான் போய் விழுந்தது.

"சின்னப் பிள்ளையளும் இருந்ததோ?"

"நாலு."

"பேர் என்ன?"

எனக்கு இரண்டு பேருடைய பெயர்தான் தெரியும். அதைச் சொன்னேன். மற்றதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவ தலையாட்டினா. அன்றைக்கு அவரிடம் ஒழுங்காக விடைபெற்று, கை கொடுத்து இறங்கினேன்.

திங்கட்கிழமை நபீலிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல், வில்லைத் தட்டில் ஒட்டுகிற துண்டு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். ஆங்கில எழுத்தில் ஒன்பது பெயர், பக்கத்தில் வயது. கடைசிப் பெயருக்கு வருடக் கணக்கு இல்லை, இத்தனை மாதம் என்று போட்டிருந்தார். எழுதி முடித்துவிட்டுத்தான், "ஆருக்கு?" என்றார்.

"ரூத் கேட்டவ."

நீட்டின கை நின்றது. துண்டை இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ என்னட்டையே கேக்கலாம்," என்றார்.

கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்து ரூத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நபீல் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"இருக்கிறன்," என்றா ரூத். "அவற்றை நம்பரைச் சொல்லும். நான் அதை அழிச்சுப்போட்டன்."

நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவ ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டா.